டேக்அவேக்குத் தமிழ்ச்சொல்: பால்டிமோர் ரேவன்ஸ் 2000 பருவக் கட்டுரைக்காக

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் 2000ஆம் ஆண்டுப் பருவம் பற்றிய கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), டச் டவுன் (எதிரணியின் எல்லைப்பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுப்பது), ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது), யார்டு எல்லாவற்றையும் ஒலிபெயர்ப்பாகவே வைத்திருக்கிறேன். பந்தோடு முன்னேறும் பிரிவு தாக்கணி, தடுக்கும் பிரிவு தடுப்பணி. ஒரே ஒரு சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: டேக்அவே, அதாவது எதிரணி வைத்திருந்த பந்தைப் பிடுங்கித் தன்வசமாக்குவது.

இதையும் ஒலிபெயர்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்தப் பருவத்தின் உயிரே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 16 ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 165 புள்ளிகள். பந்தோடு ஓடி முன்னேறிய தூரம் மொத்தமே 970 யார்டு. 16 ஆட்டப் பருவத்தில் இரண்டும் மிகக் குறைந்த அளவுகள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, டாலஸ் ஆகிய நான்கும் ஆளுக்கோர் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இந்தப் பக்கம் ரேவன்ஸ் தாக்கணியோ அக்டோபரில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் ஒரு டச் டவுன் போடவில்லை. அப்படியிருந்தும் ஐந்தில் இரண்டை வென்றார்கள்: கிளீவ்லாந்தை 12-0, ஜாக்சன்வில்லை 15-10. அந்த 27 புள்ளிகளும் மாட் ஸ்டோவர் உதைத்த ஒன்பது ஃபீல்டு கோல்கள். தடுப்பணி எதிரியின் பாதியிலேயே பந்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டால், தாக்கணி பத்து யார்டு நகர்ந்தாலும் ஸ்டோவருக்கு எட்டும் தூரம் வந்துவிடும். பருவம் முழுக்க அப்படிப் பிடுங்கியது 49 தடவை. இந்த 49க்குத்தான் பெயர் வேண்டும்.

வரைவில் இப்போதைக்குக் ‘கைமாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். திருப்தியில்லை. பன்ட் (முன்னேற முடியாதபோது பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவது) உதைத்தாலும் பந்து கைமாறுகிறது, புள்ளி எடுத்தபின் கிக்ஆஃபிலும் (ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதை) கைமாறுகிறது. அவை டேக்அவே ஆகா. போதாக்குறைக்குக் கைமாற்று என்றால் நம்மூரில் கடன்.

வேண்டிய சொல் எண்ணோடு சேர வேண்டும். வினையாக வேண்டும். பறிபோனவன் பக்கத்திலிருந்து சொல்லும்போது, அதாவது கிவ்அவேக்கும், அதே வேரிலிருந்து இணைச்சொல் கிடைக்க வேண்டும். அட்டவணைத் தலைப்பில் அடங்க வேண்டும். உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
செ.

---

இரா. எழுதியது:

> அதே வேரிலிருந்து இணைச்சொல் கிடைக்க வேண்டும்

அன்புள்ள செ.,

புதிதாக ஆக்குமுன் இருப்பதைப் பார்த்துவிடுவோம். பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த பொருளுக்குச் சங்கத் தமிழில் ‘கொண்டி’ என்று பெயர். ஆநிரை கவர்வது வெட்சி, போன ஆநிரையை மீட்பது கரந்தை. ஆட்டமும் நிலம் பிடிக்கிற ஆட்டம், பந்தும் கவரப்படும் பொருள். டேக்அவேக்குக் கொண்டி, ஃபம்பிள் ரெக்கவரிக்கு (நழுவிய பந்தை எடுப்பது) கரந்தை என்று வைத்தால் ஒரே மரபில் இரண்டு சொல் அமைந்துவிடும். பொருட்குறிப்பு ஒருமுறை கொடுத்தால் போதும், படிப்பவர் பழகிக்கொள்வர்.

இரா.

---

ம. எழுதியது:

இரா. ஐயாவுக்கு வணக்கம். கொண்டி அழகான சொல். ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன, ஐயா. கொண்டி கவரப்பட்ட பொருள். நமக்கு வேண்டியது கவர்கிற செயல். “49 கொண்டி” என்றால் 49 பந்துகளை எடுத்துப்போனதாகத் தொனிக்கிறது. அடுத்து, இன்றைக்குக் கொண்டி என்றால் கதவுக் கொண்டிதான் முதலில் நினைவுக்கு வரும்.

கரந்தைக்கு இன்னும் பெரிய தடை உண்டு, திசையே மாறிப்போகிறது. கரந்தை தன் ஆநிரையைத் தானே மீட்பது. டேக்அவே கணக்கில் வருவதோ எதிரி நழுவவிட்ட பந்தை நாம் எடுத்துக்கொள்வது. அது நம்முடைய பந்தாக இருந்ததே இல்லை.

என் முன்மொழிவு: டேக்அவேக்குப் பறிப்பு, கிவ்அவேக்குப் பறிகொடுப்பு.

இந்த இணையை நாம் ஆக்கவே வேண்டாம். கிரிக்கெட் செய்தி எழுதுகிறவர்கள் நாள் தவறாமல் கையாள்வதுதான். பந்துவீச்சாளர் விக்கெட்டைப் பறிக்கிறார், மட்டையாளர் விக்கெட்டைப் பறிகொடுக்கிறார். ஒரே நிகழ்ச்சி, இரண்டு பக்கம், ஒரே வேர். செ. கேட்ட நான்கு சோதனைகளையும் வைத்துப் பாருங்கள்:

“ரேவன்ஸ் 49 பறிப்புகளோடு பருவத்தை முடித்தது.”
“மூன்றாம் கால்பகுதியில் மீண்டும் பந்தைப் பறித்தது.”
“26 முறை பந்தைப் பறிகொடுத்தது.”
அட்டவணையில்: பறிப்பு | பறிகொடுப்பு.

ம.

---

கு. எழுதியது:

பறிப்பு என்றாலே செய்தித்தாளின் மூன்றாம் பக்கம்தான் கண்ணில் வருகிறது: செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு, வழிப்பறி. விதிக்குள் நின்று, உடம்பை வருத்தி ஆடுகிற ஒரு தடுப்பணியைத் திருடர் கூட்டமாகக் காட்டாதா? கவர்வு என்று வைக்கலாமே.

---

ம. எழுதியது:

கு. அவர்களுக்கு,

கவர்வு வினையில் நிற்காது. “பந்தைக் கவர்ந்தார்” என்று எழுதினால் பந்து அவரிடம் மயங்கிவிட்டது போலிருக்கும். பறிப்பில் குற்ற வாடை ஏறுவது பக்கத்தில் வரும் பெயரால்தான். பூப்பறிப்பும் பறிப்புதான், களை பறிப்பும் பறிப்புதான். விளையாட்டுப் பக்கத்தில் பட்டத்தைத் தட்டிப்பறித்தார் என்று படிக்கும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை.

---

வி. எழுதியது:

பறிப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் அதன் எல்லையை இப்போதே வரைந்துவிடுவோம். இல்லையென்றால் ஆளுக்கொரு கணக்கு எழுதுவோம்.

லீக்கின் கணக்கில் டேக்அவே இரண்டே வகை: எறிந்த பந்தைத் தடுப்பாளர் பிடித்துக்கொள்வது (இன்டர்செப்ஷன்) ஒன்று, எதிரி நழுவவிட்ட பந்தை எடுப்பது மற்றொன்று. நான்கு முயற்சியிலும் பத்து யார்டு கடக்காமல் தாக்கணி பந்தை விட்டுக்கொடுத்தால், ஆங்கிலத்தில் அதையும் டர்ன்ஓவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் அது ஏறாது. ஃபீல்டு கோல் உதையைத் தடுத்து, பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாலும் ஏறாது. கிக்ஆஃபில் எதிரணி கைக்குப் போகுமுன் உதைத்த அணியே பந்தை எடுத்துக்கொண்டாலும் ஏறாது. பன்டைப் பிடிக்கப்போனவர் கையில் பட்டு நழுவி, உதைத்த அணி எடுத்தால் ஏறும். நழுவிய பந்து பக்கக்கோட்டைத் தாண்டி உருண்டுவிட்டால் கடைசியாக வைத்திருந்த அணிக்கே திரும்பும், பறிப்பு இல்லை. அதே பந்து எதிரணியின் எல்லைப்பகுதி வழியாக வெளியே போனால் தடுத்த அணிக்குக் கிடைக்கும், அது பறிப்பு.

இந்தப் பருவத்திலேயே எல்லைக்கோட்டுக்கு நல்ல சான்று இருக்கிறது. டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்று) ஆட்டம், ஜனவரி 2001. நான்காம் கால்பகுதி, புள்ளி 10-10. டைட்டன்ஸ் உதைத்த ஃபீல்டு கோலை ரேவன்ஸ் தடுக்க, ஆன்டனி மிட்செல் பந்தை எடுத்து 90 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ஆட்டத்தின் போக்கையே மாற்றிய ஓட்டம், ஆனாலும் பறிப்பு ஆகாது. சற்று நேரம் கழித்து டைட்டன்ஸ் எறிந்த பந்து அவர்களின் எட்டி ஜார்ஜின் கையில் பட்டுத் துள்ளியது; அவர் இறுகப் பிடிக்குமுன் ரேவன்ஸின் ரே லூயிஸ் பிடுங்கிக்கொண்டு 50 யார்டு ஓடினார். அது பறிப்பு. அதிலும் எந்த வகை? ஜார்ஜின் கைக்குள் பந்து அடங்கவே இல்லை, தரையையும் தொடவில்லை. ஆகவே நழுவல் கணக்கில் எழுதமாட்டார்கள், இன்டர்செப்ஷன் கணக்கில்தான் எழுதுவார்கள். ஜார்ஜ் பிடித்து, ஓடத் தொடங்கி, பிறகு லூயிஸ் பிடுங்கியிருந்தால் நழுவல்.

கட்டுரையில் 49 என்பது 16 ஆட்டங்களுக்கான எண் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பிளேஆஃப் பறிப்புகளை அதோடு கூட்டக்கூடாது.

ம. சொன்ன திசைக் குற்றம் ‘மீட்பு’ என்ற சொல்லுக்கும் பொருந்தும். நம் பழைய பட்டியலில் ஃபம்பிள் ரெக்கவரிக்கு ‘நழுவல் மீட்பு’ என்று இருக்கிறது. குவாட்டர்பேக் நழுவவிட்டதை அவரே பாய்ந்து எடுத்தால் மீட்பு சரி. எதிரணி எடுத்தால் எப்படி மீட்பாகும்? இரண்டாகப் பிரித்துவிடுவோம்: தன்னணி எடுத்தால் மீட்பு, எதிரணி எடுத்தால் கைப்பற்றல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு முன்னால் அடைமொழி ஒட்டிச் சமாளிக்கிறார்கள்; நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

வி.

---

செ. எழுதியது:

வி. அவர்களுக்கு மிக்க நன்றி. மீட்பு, கைப்பற்றல் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் வரைவில் “ரேவன்ஸ் 26 நழுவல்களை மீட்டது” என்றிருந்தது; படிப்பவர் ரேவன்ஸே 26 முறை நழுவவிட்டதாக நினைத்திருப்பார். இனி “26 நழுவல்களைக் கைப்பற்றியது.”

மீதி 23 இன்டர்செப்ஷன். இதற்கு ‘இடைமறிப்பு’ போட்டிருக்கிறேன்.

---

ப. எழுதியது:

வணக்கம். இடைமறிப்பு வேண்டாம் என்பது என் கருத்து.

மறித்தல் என்றால் வழியை அடைப்பது. ஏவுகணையை இடைமறிக்கலாம், ஊர்வலத்தை இடைமறிக்கலாம். மறித்தவர் கைக்கு எதுவும் வர வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக் கீழே தள்ளினால் அது வேறு கணக்கு, அதற்கே தனிப்பத்தி உண்டு. பந்து தரையில் படாமல் கைக்குள் அடங்கி, இரண்டு காலும் கோட்டுக்கு உள்ளே பதிந்தால்தான் இன்டர்செப்ஷன். ஆக, தட்டிவிடுவதற்கு மறிப்பு, பிடித்துக்கொள்வதற்கு இடைப்பிடி. இலங்கைத் தமிழில் துடுப்பாட்டத்துக்குப் பிடி, பிடியெடுப்பு என்று எழுதிப் பழகிய எங்களுக்கு இது உடனே விளங்கும். வினையாக “இடையில் பிடித்தார்” என்று எழுதினால் சொல் விறைக்காது.

ஒரு காட்சியில் வைத்துப் பார்க்கிறேன். 2001 ஜனவரி 28, டாம்பா, சூப்பர் போல் (பட்டத்துக்கான இறுதி ஆட்டம்), எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். மூன்றாம் கால்பகுதியில் ரேவன்ஸ் 10-0 முன்னிலை. ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் கெரி காலின்ஸ், தன் அணியின் அமானி டூமரை நோக்கி எறிகிறார். ரேவன்ஸ் தடுப்பாளர் டுவேன் ஸ்டார்க்ஸ் பந்து வருமுன்பே டூமருக்கு முன்னால் வெட்டிப் பாய்கிறார், இடையில் பிடிக்கிறார், 49 யார்டு ஓடி டச் டவுன் போடுகிறார். இதில் அவர் எதை மறித்தார்? அந்த எறிதல் தனக்கே வந்ததுபோல் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குக் காலின்ஸிடமிருந்து நான்கு இடைப்பிடிகள்: ஸ்டார்க்ஸ், கிம் ஹெர்ரிங், கிறிஸ் மக்கலிஸ்டர், ஜேமி ஷார்ப்பர், ஆளுக்கொன்று.

ப.

---

கு. எழுதியது:

இடைப்பிடி எனக்கு முழு உடன்பாடு.

பறிப்பின் மேல் கடைசியாக ஓர் ஐயம். குவாட்டர்பேக் தானாகவே மோசமாக எறிந்து, பந்து நேராகத் தடுப்பாளர் மடியில் விழுந்தால் அதையும் ‘பறிப்பு’ என்பதா? பறிப்பதற்கு அங்கே வலுவந்தம் எதுவும் இல்லையே.

---

வி. எழுதியது:

மோசமான எறிதல் வானத்திலிருந்து விழுவதில்லை, கு. ரேவன்ஸின் முறையை உள்ளே புகுந்து பார்த்தால் அந்த ஐயம் தீரும்.

அவர்களின் தடுப்பு வகுப்பாளர் மார்வின் லூயிஸ். முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னால் மூவர் (லைன்பேக்கர்கள்). முன்வரிசையின் நடுவில் டோனி சிரகூசா, சாம் ஆடம்ஸ். இருவரும் 300 பவுண்டுக்கு மேல். இவர்கள் ஓடிப்போய் யாரையும் மடக்குவது முக்கியமில்லை. எதிர்த் தாக்கணியில் ஓடுபவருக்கு வழி திறக்கும் தடுப்புக்காரர்களில் ஆளுக்கு இருவரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்பதுதான் வேலை. எதிரணியின் முன்வரிசையில் ஐவர்தான். நடுவிலுள்ள இருவருக்கே நால்வர் போய்விட்டால், பின்னால் நிற்கும் ரே லூயிஸைத் தொட ஆள் மிச்சமில்லை. அவர் பந்து போகும் பக்கம் நேரே வந்து மடக்குவார். விளைவு: எதிரணிகளின் ஓட்டம் ஒன்றுக்குச் சராசரி 2.7 யார்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். முதல் இரண்டு முயற்சியும் ஓட்டமென்றால் 5.4 யார்டு. மூன்றாம் முயற்சிக்கு இன்னும் 4.6 யார்டு பாக்கி. ஓடி எடுக்க முடியாது, எறிந்தே ஆக வேண்டும். எறியப்போகிறார் என்று தடுப்பணிக்கும் தெரியும். ஓரங்களிலிருந்து மைக்கேல் மக்ரேரியும் பீட்டர் பவுல்வேரும் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் குவாட்டர்பேக் மேல் பாய்கிறார்கள். எறியும் நேரம் குறுகுகிறது, கால் ஊன்றாமல் எறிகிறார், பந்து உயரமாகவோ பிந்தியோ போகிறது. பின்னால் ராட் வுட்சன் போன்ற அனுபவசாலி குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். பந்து மடியில் விழுந்ததாக நமக்குத் தெரிவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஆகவே பறிப்பு என்று தயங்காமல் எழுதலாம்.

நடுவில் இப்படி இருவர் இல்லாத அணி இதே வகுப்பை எடுத்து ஆடினால் என்ன ஆகும் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாம். எதிரணியின் நடுத் தடுப்புக்காரர் நேராக நடு லைன்பேக்கர் மேல் ஏறிவிடுவார், ஓட்டம் நான்கைந்து யார்டு போகும், மூன்றாம் முயற்சிக்கு இரண்டு யார்டே மிஞ்சும், ஓடுவாரா எறிவாரா என்று ஊகிக்க முடியாது. பறிப்பு எண்ணிக்கை அங்கேயே சரிந்துவிடும்.

---

இரா. எழுதியது:

வி. அவர்களின் விளக்கத்துக்குப்பின் கொண்டியை விட்டுவிடுகிறேன், பறிப்பே இருக்கட்டும். டேக்அவேயிலிருந்து கிவ்அவேயைக் கழித்து வரும் டர்ன்ஓவர் மார்ஜினுக்கு என்ன வைக்கிறீர்கள்? ‘கைமாற்ற வேறுபாடு’ என்று எங்கோ பார்த்தேன், பிடிக்கவில்லை.

---

ம. எழுதியது:

நிகரப் பறிப்பு, ஐயா. நிகர லாபம், நிகர வருமானம் எல்லாருக்கும் தெரியும். கழித்தபின் மிஞ்சுவது என்று சொல்லாமலே விளங்கும். ரேவன்ஸ் பறித்தது 49, பறிகொடுத்தது 26. நிகரப் பறிப்பு +23. குறைந்தால் −5 என்பது போலக் குறியோடு எழுதலாம்.

ஒரே ஆட்ட அசைவில் இரண்டு முறை பந்து மாறினாலும் இது தாங்கும். எறிந்ததைத் தடுப்பாளர் இடையில் பிடித்து ஓடும்போது நழுவவிட்டு, எறிந்த அணியே திரும்ப எடுத்துக்கொண்டால், ஆளுக்கொரு பறிப்பு, ஆளுக்கொரு பறிகொடுப்பு, நிகரம் சுழி.

பறிகொடுப்பையும் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள், செ. அந்த 26இல் 19 எறிதலில் போனவை: குவாட்டர்பேக் டோனி பேங்க்ஸ் 8, அவருக்குப்பின் வந்த ட்ரென்ட் டில்ஃபர் 11. இதில் ஒன்று விலை உயர்ந்தது. நவம்பர் 12, டென்னசியில். ரேவன்ஸ் 17-17 என்று சமநிலையில் இருக்கும்போது கடைசி நிமிடங்களில் டில்ஃபர் எறிந்ததை டைட்டன்ஸின் பெரி ஃபீனிக்ஸ் இடையில் பிடித்து 87 யார்டு ஓடினார். கூடுதல் புள்ளிக்கான உதையை டைட்டன்ஸ் தவறவிட்டதால் 23-17. பிறகு டில்ஃபரே டச் டவுனுக்கு எறிந்து 24-23 என்று வென்றார்கள்.

இந்த ஆட்டத்தால் உங்கள் முதல் மடலிலுள்ள 165க்கும் ஓர் எச்சரிக்கை. ஃபீனிக்ஸ் எடுத்த அந்த ஆறு புள்ளியும் 165க்குள் இருக்கிறது. அது தடுப்பணி விட்ட புள்ளி இல்லை. எனவே “தடுப்பணி 165 புள்ளிகளை விட்டது” என்று எழுதாமல் “அணி விட்டது” என்று எழுதுங்கள். சூப்பர் போலிலும் அப்படியே: முடிவு 34-7, ஆனால் அந்த ஏழும் ஜயன்ட்ஸின் ரான் டிக்சன் கிக்ஆஃபை எடுத்து 97 யார்டு ஓடியதால் வந்தவை. பிளேஆஃபில் நான்கு ஆட்டங்களில் அணி விட்டது 3, 10, 3, 7 என 23. ஜயன்ட்ஸின் ஏழைக் கழித்தால் தடுப்பணி மேல் விழுவது 16.

ம.

---

செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அட்டவணையை இப்படி மாற்றியிருக்கிறேன்:

பறிப்பு: 49
  இடைப்பிடி: 23
  நழுவல் கைப்பற்றல்: 26
பறிகொடுப்பு: 26
  எறிதலில்: 19
  நழுவலில்: 7
நிகரப் பறிப்பு: +23

பந்தைத் தட்டி நழுவச் செய்தவருக்குத் தனிக்கணக்கு உண்டல்லவா, அதற்குத் ‘தட்டிவிடல்’. ஒருவர் தட்டிவிட்டு மற்றவர் கைப்பற்றினாலும் அணிக்கணக்கில் பறிப்பு ஒன்றுதான் என்று குறிப்பு சேர்த்துவிட்டேன்.

ஒரு சின்ன ஐயம் மட்டும் பாக்கி. சூப்பர் போலில் ஜயன்ட்ஸின் ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்டெட், டில்ஃபர் எறிந்ததை இடையில் பிடித்து டச் டவுன் வரை ஓடினார். அவர் அணித்தோழர் ஒருவர் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக அது செல்லாமல் போனது. இதை எப்படிக் குறிப்பது?

---

வி. எழுதியது:

தண்டத்தால் அழிந்தது எந்தப் பத்தியிலும் ஏறாது. “இடைப்பிடி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது” என்று வாக்கியத்தில் மட்டும் எழுதுங்கள். அட்டவணையைத் தொட வேண்டாம்.

பட்டியலில் அடுத்து இருப்பது சேஃப்டி. இரண்டு புள்ளி தரும் நிகழ்ச்சிக்கும் அதுதான் பெயர், வுட்சனும் ஹெர்ரிங்கும் நின்ற இடத்துக்கும் அதுதான் பெயர். இரண்டுக்கும் தமிழில் வேறு வேறு சொல் வேண்டும். இந்த இழையில் கலக்காமல் தனியாகத் தொடங்குகிறேன்.

வி.